நெஞ்சுவலிக்காரியை நடக்கச் சொன்னார்கள்

மதுரைக்கு என்னைக் கூட்டிப்போவது பிழைக்க வைக்க அல்ல, ஊரில் கிடந்து செத்தால் உம்மா தாங்கமாட்டார் என்பதற்காகத்தான் என்று அந்தப் பயணம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். ராமநாதபுரத்தில் ரயில் ஏறியதிலிருந்து காக்கா, அதாவது என் அண்ணன், என் முகத்தைப் பார்க்கவே இல்லை. பரமக்குடி ஸ்டேஷனில் இறங்கிப்போய் உம்மாவுக்குக் காபி வாங்கி வந்தார். எனக்குச் சீனி போடாத வெறும் பால்.

"கடையில சீனி தீந்துபோச்சாம்" என்றார்.

ஒரே கடையில் உம்மாவின் டம்ளருக்கு இருந்த சீனி என் டம்ளருக்கு மட்டும் தீருமா? இவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்பது அப்போதே எனக்கு உறுதியாகிவிட்டது.

எனக்கு வயது முப்பதுகூட நிறையவில்லை. இரண்டு பிள்ளைகள். கணவர் கொழும்பில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. சிலோனுக்குப் போகவும் வரவும் பாஸ்போர்ட், விசா என்று கெடுபிடிகள் வந்திருந்த காலம். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வந்து போவார். எங்கள் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களில் பெண் கல்யாணத்துக்குப் பிறகும் தாய்வீட்டில்தான் இருப்பாள். அதனால் நான் உம்மாவோடும் காக்காவோடும் இருந்தேன். ஊர் கீழக்கரைக்குப் பக்கத்தில். பெயரைச் சொன்னால் இன்றைக்கும் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். வேண்டாம்.

இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு உடம்பு பெருத்துக்கொண்டே போனது. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம் அடங்கவில்லை. காலில் ஒரு சிராய்ப்பு மாதக்கணக்கில் ஆறாமல் கிடந்தது. ஒருநாள் துவைத்த துணியை மாடியில் காயப்போட ஏறினேன். பாதிப் படியில் நெஞ்சின் நடுவே யாரோ முழங்காலை வைத்து அழுத்துவது போல் இருந்தது. வலி இடது தோளுக்குப் போய் தாடை வரைக்கும் வந்தது. அங்கேயே உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் போய்விட்டது.

ஊரில் இருந்த வைத்தியர் கையைப் பிடித்துப் பார்த்தார். குழாயை வைத்து நெஞ்சைக் கேட்டார். "ஹார்ட்டு. கட்டிலை விட்டு எறங்கப்படாது" என்று என்னிடம் சொல்லிவிட்டு, காக்காவை வாசலுக்குக் கூட்டிப்போய் நெடுநேரம் பேசினார். என்ன பேசினார் என்று கேட்டதற்குக் காக்கா, "ஒண்ணுமில்ல, ரெஸ்டு எடுக்கச் சொல்றார்" என்றார். ஒன்றுமில்லாததை எதற்கு வாசலில் போய்ப் பேச வேண்டும்?

படுத்தேன். பார்க்க வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. தொதல் வந்தது, வட்டலப்பம் வந்தது, பேரீச்சம்பழம் வந்தது, எல்லாமே இனிப்பு. நோயாளிக்குத் தெம்பு வேண்டுமே என்று உம்மா இடியப்பத்தில் தேங்காய்ப்பாலை ஊற்றிப் பிசைந்து ஊட்டிவிட்டார். படுத்துக்கொண்டே தின்றேன். தாகம் கூடியது. கண் மங்கியது. பிறகு எழுந்து கக்கூசுக்குப் போனாலே நெஞ்சைப் பிடித்தது. வைத்தியர் திரும்ப வந்து, மறுபடி காக்காவை வாசலுக்குக் கூட்டிப்போய்ப் பேசினார். அதற்குப் பிறகுதான் மதுரை.

அது ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பெண்களுக்குத் தனி பெஞ்சு போட்டிருந்தார்கள். வெள்ளைத் துப்பட்டியை இழுத்து மூடிக்கொண்டு உள்ளேயிருந்து எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் அறைக்குள் போய்வந்த ஒவ்வொருவர் முகத்தையும் படித்தேன். சிரித்துக்கொண்டு வந்தவர்களிடம் பொய் சொல்லியிருக்கிறார்கள் என்று தோன்றியது. அழுதுகொண்டு வந்த ஒரு அம்மாளிடம் மட்டும்தான் உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

சிறுநீரை ஒரு பாட்டிலில் வாங்கினார்கள். ரத்தம் எடுத்தார்கள். பிறகு ஒரு அறையில் படுக்கவைத்து, இரண்டு கையிலும் கால்களிலும் பட்டைகளைக் கட்டி, அதில் கம்பிகளை மாட்டினார்கள். கம்பியின் மறுமுனை ஒரு பெட்டிக்குள் போனது. எங்கள் தெருவுக்கு அப்போது கரண்டு வரவில்லை. கரண்டு தொட்டால் ஆள் செத்துப்போவான் என்று மட்டும் தெரியும். சாகிற நேரத்தில் சொல்லும் கலிமாவை நான் சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

நர்ஸ் என் தோளைத் தட்டினாள். "இது உங்க மேல கரண்டு விடலைம்மா. உங்க இதயத்துலேர்ந்து வர்ற கரண்டை எழுதிக் காட்டுது."

என் இதயத்துக்குள் கரண்டு இருக்கிறதாம். இதை நான் நம்ப வேண்டுமாம்.

டாக்டரைப் பார்த்ததும் இருந்த நம்பிக்கையும் போனது. காக்காவைவிட இளையவர். கன்னம் ஒட்டிய ஒல்லி ஆள். நோயாளியை விட்டுவிட்டு அண்ணனிடம் பேசாமல், ஸ்டூலை இழுத்துப்போட்டு என் முன்னால் உட்கார்ந்து என்னிடமே பேசினார். அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

"உங்களுக்கு இருக்கறது ரெண்டு வியாதி இல்ல, ஒண்ணுதான்" என்றார். "சர்க்கரை வியாதி. நாம சாப்பிடற சோறு ரத்தத்துல சர்க்கரையாத்தான் ஓடும். அதை உடம்பு எடுத்துக்கணும். உங்க உடம்பு சரியா எடுத்துக்கல. ரத்தத்துலயே தேங்குது, மிச்சம் சிறுநீர்ல போகுது. தேங்கித் தேங்கி, இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோற சின்னக் குழாயெல்லாம் கெடுது. உள்பக்கம் கொழுப்பு படிஞ்சு குறுகுது. படி ஏறும்போது இதயத்துக்கு ரத்தம் கூட வேணும். குறுகின குழாய்ல வராது. அது அழுவுது. அந்த அழுகைதான் உங்களுக்கு வலி."

"ஹார்ட்டுல வயசானவகதான சாவாக?" என்றேன்.

"சர்க்கரை இருந்தா இதயம் வயசைக் காத்துக்கிட்டு இருக்காதும்மா. ஆனா உங்களுக்கு இன்னும் அட்டாக் வரல. இப்பவே பிடிச்சிட்டோம். ஊசி போட்டு சர்க்கரையை இறக்குவோம். அப்புறம் ரெண்டு மருந்து. ஒண்ணு, சாப்பாட்டை மாத்தணும். இன்னொண்ணு, நடக்கணும்."

"நடக்கவா?"

"தினமும்."

கட்டிலை விட்டு இறங்கக்கூடாது என்று ஒரு வைத்தியர். தினமும் நட என்று இன்னொருவர். இரண்டில் ஒருவர் என்னைக் கொல்லப் பார்க்கிறார். வயதில் மூத்தவரை நம்புவதா, ஒட்டிய கன்னத்தை நம்புவதா?

பக்கத்துக் கட்டிலில் உத்தரகோசமங்கைப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். பெயர் காளியம்மா. அவளுக்கும் சர்க்கரைதான். கால் விரல் கறுத்துப்போய் கட்டுப் போட்டிருந்தார்கள். என் பயத்தை அவளிடம் சொன்னேன்.

"ஏத்தா, மருந்து இருந்தா மருந்து குடுக்க மாட்டாகளா?" என்றாள். "நடன்னு சொன்னா, கைவிட்டுட்டாகன்னு அர்த்தம். எங்க ஊர்ல கெழட்டு மாட்ட அவுத்து விடுற மாதிரி."

அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சோறு அளவாக வந்தது. நாலு வாய்ச் சோறு, நிறையக் கீரை, அவரைக்காய், ஒரு துண்டு மீன். ஊசி போட்டார்கள். தினமும் காலையில் சிறுநீரைச் சோதித்தார்கள். டாக்டர் வந்து பார்ப்பார், உதட்டைக் கடித்துக்கொள்வார். ஒருநாள் கேட்டேவிட்டார்.

"வெளியிலேர்ந்து இனிப்பு ஏதாச்சும் சாப்பிடறீங்களா?"

"இல்ல."

"உண்மையைச் சொல்லுங்க. ஊசி போட்டும் சர்க்கரை இவ்வளவு நிக்கக்கூடாது."

"அல்லா மேல ஆணையா இல்ல."

அவர் நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது. என் பாட்டிலையும் காளியம்மாவின் பாட்டிலையும் இவர்கள் மாற்றிவிட்டார்கள் என்று உம்மாவிடம் சொன்னேன். மறுநாள் பாட்டில் கழுத்தில் அடையாளத்துக்கு ஒரு பச்சை நூலைக் கட்டிக் கொடுத்தேன். அதே முடிவுதான் வந்தது. நர்ஸ் என் தலையணையைத் தூக்கிப் பார்த்தாள். சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த நான் சந்தேகப்படுகிறவர்களின் கையில் சிக்கிக்கொண்டேன்.

சர்க்கரை இறங்காத காரணத்தைக் கண்டுபிடித்தது தற்செயல். ஒருநாள் விடியற்காலையில் டாக்டர் வழக்கத்தைவிட முன்னதாக வந்துவிட்டார். சுபுஹு தொழுதுவிட்டு உம்மா என் வாயில் ஒரு கரண்டியை வைத்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா அது?"

உம்மா மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய பொருள் என்று அவர் நினைத்திருந்தால்தானே மறைப்பார்? "மருந்து. தேனு. கருஞ்சீரகம் இடிச்சுப் போட்டு, ஓதி ஊதிக் குடுக்குறேன்."

"எத்தனை நாளா?"

"வந்த நாள் முதலா. காலையிலயும் அந்தியிலயும்."

"தேன் இனிப்புதானேம்மா?"

உம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "சீனியும் தேனும் ஒண்ணா? தேனுல ஷிஃபா இருக்குன்னு அல்லாவே சொல்லியிருக்கான். ஒங்க ஊசிக்குத்தான் ஒண்ணும் கேக்கல."

ஷிஃபா என்றால் நோய் தீர்க்கும் குணம். டாக்டர் வாதாடவில்லை. நர்ஸை அழைத்து ஒரு சோதனைக்குழாயும் ஸ்பிரிட் விளக்கும் கொண்டுவரச் சொன்னார். குழாயில் மயில்கழுத்து நிறத்தில் ஒரு திராவகம் இருந்தது. "சர்க்கரை இல்லேன்னா இது நீலமாவே இருக்கும். கொஞ்சம் இருந்தா பச்சை. அப்புறம் மஞ்சள். ரொம்ப இருந்தா செங்கல் நிறம்" என்றார். கரண்டியில் ஒட்டியிருந்த தேனைத் தண்ணீரில் கரைத்து, அதில் சில சொட்டைக் குழாயில் விட்டு, விளக்கில் காட்டினார்.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். காளியம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழாய் முழுக்கச் சுட்ட செங்கல்போல் சிவந்து கலங்கியது.

உம்மா வெகுநேரம் அந்தக் குழாயையே பார்த்தார். பிறகு, "எம்புள்ளைக்கி நானே குடுத்துட்டேனா?" என்றார்.

"தேன் நல்ல பொருள்தான். உங்க மகளுக்கு இப்ப ஆகாது, அவ்வளவுதான். ஓதறதை நிறுத்தாதீங்க. தண்ணியில ஓதிக் குடுங்க" என்றார் டாக்டர். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்களைச் சந்தேகப்பட்டேன். தப்பு" என்றார்.

இதற்கு முன் என்னிடம் எந்த ஆணும் அப்படிச் சொன்னதில்லை. அன்றிலிருந்து அவரைக் கொஞ்சம் நம்பலாம் என்று வைத்துக்கொண்டேன். கொஞ்சம்தான்.

வாரக் கடைசியில் சோதனைக்குழாய் பச்சைக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் நடை. ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் என் பக்கத்திலேயே மெல்ல நடந்தார். நான் எங்கே விழுகிறேன் என்று பார்க்கத்தான் கூடவே வருகிறார் என்று நினைத்தேன். நாலைந்து தூண் தாண்டியதும் நெஞ்சில் முழங்கால் வந்து உட்கார்ந்தது. நின்றேன். நாக்குக்கு அடியில் வைக்க ஒரு சின்ன மாத்திரை கொடுத்தார். கரைவதற்குள் வலி இறங்கிவிட்டது. தலை மட்டும் விண்ணென்று தெறித்தது.

"பாத்தீங்களா? வலி வந்துருச்சு" என்றேன், அவரைப் பிடித்துவிட்டவள் போல.

"வலி எந்த இடத்துல வந்துச்சோ அதுக்குக் கொஞ்சம் முன்னாலயே நாளைக்கு நின்னுருங்க. வலிக்கற வரைக்கும் நடக்கக் கூடாது. படுத்தே கிடக்கவும் கூடாது. போகப் போக அந்த இடம் தள்ளிப்போகும். நடக்கறப்போ உடம்பு ரத்தத்துல இருக்கற சர்க்கரையை எடுத்துச் செலவு பண்ணும். இதயமும் பழகிக்கும்."

வலி வரும் இடம் தள்ளிப்போகும் என்பது எனக்குக் கதை மாதிரி இருந்தது. ஆனால் தள்ளிப்போனது. ஒரு தூண், பிறகு இன்னொரு தூண். நான் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் போய்விடும் என்று ஒரு பயம்.

காளியம்மாவின் விரலை எடுத்துவிட்டார்கள். நான் வராந்தாவில் போய்வருவதை அவள் கட்டிலில் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் வீட்டுக்குக் கிளம்பும் அன்றைக்குக் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "மாடுன்னு சொன்னத மனசுல வச்சுக்காதத்தா. எங்காலு நல்லா இருந்தா, இங்கனயிருந்து எங்க ஊருக்கே நடந்து போயிருவேன்."

செலவு எவ்வளவு ஆனது என்று காக்காவிடம் கேட்டேன். "உனக்கெதுக்கு அது" என்றார். ரயிலில் எனக்கும் உம்மாவுக்கும் தனக்கும் மூன்று டம்ளர் சீனியில்லாத பால் வாங்கி வந்தார். இந்தத் தடவை பொய் சொல்லவில்லை.

வீட்டில் உம்மா அடுப்படியையே மாற்றினார். ஆணத்தில், அதாவது மீன்குழம்பில், தேங்காய்ப்பால் ஊற்றுவது நின்றது. புளியும் தக்காளியும் போட்டுச் சூடை மீனை வேகவைப்பார். ராத்திரிக்குக் கேப்பை ரொட்டியும் முருங்கைக்கீரையும். எண்ணெய் கரண்டிக் கணக்கு. வீட்டுக்கு வந்த தொதலை வாசலிலேயே வாங்கி வாசலிலேயே அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார். ஊசி சில மாதம் கம்பவுண்டர் வந்து போட்டார். உடம்பு இளைத்த பிறகு டாக்டரே நிறுத்தச் சொல்லிவிட்டார்.

சாப்பாடு சுலபம். நடைதான் கஷ்டம். வாசலைத் தாண்டி ஒரு பெண் காரணமில்லாமல் நடக்கிற ஊர் இல்லை எங்களுடையது. வீட்டு முற்றத்தில் சுற்றினேன். தலை சுற்றியது. மாடியில் சுற்றினேன். எங்கள் தெருவில் யாரோ, "ஒங்க வீட்டுப் புள்ள எங்க முத்தத்தை எட்டிப் பாக்குது" என்று காக்காவிடம் புகார் சொன்னார்கள். கடைசியில், ஆண்கள் சுபுஹு தொழுகையில் இருக்கும் நேரத்தில் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, பெண்கள் மட்டும் போய்வருகிற முடுக்குச் சந்து வழியாக வெளியேறி, எங்கள் பனந்தோட்டம் வரை போய்த் திரும்ப ஆரம்பித்தேன். முதலில் காக்கா கூட வந்தார். பிறகு தோட்டத்தில் காவலுக்கு ஆள் இருக்கிறதே என்று விட்டுவிட்டார்.

தினமும் இருட்டோடு போகிறாளே, யாரைப் பார்க்க என்று ஊர் கேட்டது. நெஞ்சுவலிக்காரி நடப்பாளா? வியாதி என்பதே பொய்யோ? நோன்பு மாதத்தில் டாக்டர் சொன்னபடி நான் நோன்பு வைக்கவில்லை. அதையும் சேர்த்துப் பேசினார்கள். பேச்சு தோணி ஏறாமலேயே கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தது.

ஒரு விடியற்காலை. தோட்டத்துக்குப் போகும் வழியில் பாதி தூரத்தில் பின்னால் மணலில் செருப்புச் சத்தம். நான் நின்றால் அதுவும் நின்றது. நான் நடந்தால் அதுவும் நடந்தது. திரும்பிப் பார்க்கப் பயம். காவல்காரனின் குடிசை வெகுதூரம். வேகமாக நடந்தேன். சத்தமும் வேகமானது. துப்பட்டியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஏறக்குறைய ஓடினேன். முந்தானையில் முடிந்திருந்த மாத்திரையைத் தேடிக் கை போனது. இப்போது முழங்கால் வந்து உட்காரும், இப்போது வரும் என்று காத்துக்கொண்டே ஓடினேன்.

வரவில்லை. நெஞ்சு பறைபோல் அடித்தது, அவ்வளவுதான். வலி இல்லை. அந்த ஓட்டத்திலும், பயத்திலும், அதை நான் கவனித்தேன்.

பின்னால் செருப்புச் சத்தம் தடுமாறி நின்றது. பிறகு ஒரு இருமல். அந்த இருமல் எனக்குத் தெரியும். திரும்பினேன்.

ஒரு பனைமரத்தைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சை வாங்கிக்கொண்டு நின்றார் என் கணவர்.

"எப்ப வந்தீக?"

மணலில் உட்கார்ந்தார். "முந்தாநாள் கப்பல்ல."

"எங்க இருந்தீக?"

"உம்மா வீட்டுல."

இரண்டு நாளாக இதே ஊரில், அவருடைய தாய்வீட்டில் ஒளிந்திருந்திருக்கிறார். பிள்ளைகளைக்கூட வந்து பார்க்கவில்லை.

"யாரைப் பாக்கப் போறேன்னு பாக்க வந்தீகளா?"

"கொளும்புல ஆளாளுக்குச் சொல்றாக, ஆமினா. நான் என்ன செய்யட்டும்?"

"என்னைக் கேட்டிருக்கலாமே."

அழ வேண்டும் போல் இருந்தது. அழவில்லை. "எனக்கு இன்னும் வேலி வரைக்கும் போகணும். இருந்தா இருங்க, வந்தா வாங்க" என்று சொல்லிவிட்டு நடந்தேன். கொஞ்ச நேரம் கழித்துச் செருப்புச் சத்தம் மறுபடி கேட்டது. பக்கத்தில் வரவில்லை. பின்னாலேயே வந்தது.

அந்த வாரமே என்னை மதுரைக்குக் கூட்டிப்போனார். மறுபடி பட்டை, மறுபடி கம்பி. டாக்டர் பழைய காகிதத்தையும் புதுக் காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முன்னைக்கு இப்போது நல்லதாக இருக்கிறது, ஆனால் இது ஆயுசுக்கும் விடக்கூடாத நடை என்றார். நான் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவு சரியாகச் சாத்தவில்லை. உள்ளே என் கணவரின் குரல் கேட்டது.

"டாக்டர், இவளை நடக்கச் சொன்னது நெசமாவே நீங்கதானா?"



"நான்தான். அவங்க நடக்காம இருந்திருந்தா, நீங்க கபுருக்குழிக்குத்தான் வந்து விசாரிச்சிருக்கணும்" என்றார் டாக்டர்.

திரும்பி வரும்போது ரயிலில் அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் மன்னிக்கவில்லை. ஆனால் மறுநாள் நான் இருட்டில் கிளம்பவில்லை. தொழுகை முடிந்து ஆண்கள் திரும்பும்வரை காத்திருந்தேன். நன்றாக வெளிச்சம் வந்த பிறகு, முடுக்குச் சந்து வழியாக அல்ல, பெரிய தெரு வழியாக நடந்தேன். ஜன்னல்கள் திறந்தன. திறக்கட்டும் என்றிருந்தேன். மாடியிலிருந்து ஒருவர் காறித் துப்பினார். என் மேல் படவில்லை. அடுத்த நாளும் அதே தெரு. அதற்கடுத்த நாளும்.

மாதம் ஒன்று போயிருக்கும். தெருக்கோடி வீட்டுக் கதவைக் கொஞ்சமாகத் திறந்துகொண்டு ஒரு பெண் நின்றாள். பெயர் ஜெய்னம்பு. அதுவரை நான் அவளோடு பேசியதில்லை. என்னைவிடச் சின்னவள், என்னைவிடப் பருமன்.

"ராத்தா, எனக்கும் இனிப்பு நீருன்னு சொல்லிட்டாக. மாடி ஏறினா மூச்சு முட்டுது" என்றாள். "நானும் ஒங்களோட வரவா?"

இவளை வேவு பார்க்கத்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அவளை மேலும் கீழும் பார்த்தேன்.

"செருப்பைப் போட்டுக்கிட்டு வா. காலுல முள்ளு குத்தப்படாது" என்றேன்.